மெல்பர்னிலிருந்து ஒரே நாளில் கிரேட் ஓஷன் ரோடு: முழுமையான வழிகாட்டி

மெல்பர்னில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால், முதல் வார இறுதியிலேயே எழும் கேள்வி இது: ஆஸ்திரேலியாவின் தென்கரையோரச் சாலையான கிரேட் ஓஷன் ரோட்டுக்கு நாமே காரில் போவதா, டூர் பஸ்ஸில் போவதா? நான் இரண்டு விதமாகவும் போயிருக்கிறேன். ஒரே நாளில் போய்த் திரும்புவதென்றால் டூர் பஸ்தான் என் பதில். காரில் போனால் ஓட்டுகிறவர் கடலைப் பார்க்கவே முடியாது. அத்தனை வளைவுகள். பகலெல்லாம் ஓட்டிவிட்டு, இருட்டிய பிறகு மூன்று மணி நேரம் கிராமப்புறச் சாலையில் கங்காருக்களுக்குப் பயந்து திரும்ப வேண்டும். அந்தக் களைப்பில் பார்த்ததெல்லாம் மறந்துபோகும்.

ஆனால் எல்லா டூரும் ஒன்றல்ல. எதைத் தேர்ந்தெடுக்கிறீர்கள், எந்த இடத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதல் வேலை: டூரைத் தேர்ந்தெடுப்பது

முதல் தடவை நான் போனது 'பதினொரு இடங்கள்' என்று விளம்பரம் செய்திருந்த ஒரு டூரில். பதினொன்றும் காட்டினார்கள், பொய்யில்லை. ஆனால் கடலில் தூண்களாக நிற்கும் பன்னிரு அப்போஸ்தலர் பாறைகளுக்கு எங்களுக்குக் கிடைத்தது 20 நிமிடம். வாகன நிறுத்தத்திலிருந்து பார்வை மேடைக்கு நடந்து போய் வரவே அதில் பாதி போய்விட்டது. அம்மாவுக்கு மூட்டுவலி. மேடையை எட்டியதுமே திரும்ப வேண்டியதாயிற்று.

அதனால் முன்பதிவு செய்வதற்கு முன் இடங்களை எண்ணாதீர்கள், நிமிடங்களை எண்ணுங்கள். பயணத் திட்டத்தில் நேரம் போடவில்லை என்றால் ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். பன்னிரு அப்போஸ்தலருக்கு 50 நிமிடமாவது வேண்டும், பாறைச் சுவர்களுக்கு நடுவே கடல் நுழையும் லாக் ஆர்ட் பள்ளத்தாக்குக்கும் அதே அளவு வேண்டும். இந்த இரண்டுக்கும் ஒழுங்காக நேரம் கொடுக்கும் டூர் மற்ற இடங்களில் கொஞ்சம் குறைத்தாலும் பரவாயில்லை.

அடுத்தது வண்டியின் அளவு. ஐம்பது பேர் ஏறும் பெரிய பேருந்தில் கட்டணம் குறைவு. ஆனால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் எல்லோரும் இறங்கி, கழிப்பறை வரிசையில் நின்று, மறுபடி ஏறுவதற்குள் கால் மணி நேரம் கரைந்துவிடும். இருபது பேருக்கு உட்பட்ட மினி பஸ் கொஞ்சம் விலை கூடுதல், ஆனால் நாள் உங்கள் கையில் இருக்கும். வயதானவர்களோ சின்னக் குழந்தைகளோ கூட வந்தால் மினி பஸ்ஸையே எடுங்கள். மதிய உணவு கட்டணத்தில் சேர்ந்ததா, ஏறும் இடம் எது, திரும்ப எங்கே இறக்கிவிடுவார்கள் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பாறைகளுக்கு மேல் சுற்றிக் காட்டும் ஹெலிகாப்டருக்குத் தனிக் காசு. அது அங்கே போன பிறகு, வானிலையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியது.

எந்த மாதம், எந்தத் திசை

டூர்களில் இரண்டு வகை உண்டு. வழக்கமானது, சாலை தொடங்கும் ஊரான டார்க்கேயிலிருந்து கடலோரமாகவே போய், பிற்பகல் 2, 3 மணிக்குப் பாறைகளை அடைந்து, உள்நாட்டு நெடுஞ்சாலை வழியாகத் திரும்பும். 'ரிவர்ஸ்' என்று சொல்லப்படுவது காலையில் உள்நாட்டுச் சாலையில் நேராகப் பாறைகளுக்குப் போய், பிற்பகலில் கடலோரமாகத் திரும்பும்.

கூட்டம் பிடிக்காது, புகைப்படம்தான் முக்கியம் என்றால் ரிவர்ஸ் நல்லது. பெரும்பாலான பாறைகள் பார்வை மேடைக்கு மேற்கே இருப்பதால், காலை வெயில் அவற்றின் முகத்தில் விழும், சுண்ணாம்புப் பாறை தேன் நிறத்தில் தெரியும். மாலையில் அதே பாறைகள் வெளிச்சத்துக்கு எதிரே கறுத்து நிற்கும். அப்படியும் நான் வழக்கமான திசையைத்தான் சிபாரிசு செய்வேன். காரணம் சாலை. ஆஸ்திரேலியாவிலும் நம்மைப் போல இடது பக்கம்தான் வண்டி ஓட்டுவார்கள். டார்க்கேயிலிருந்து மேற்கே போகும்போது கடலும் இடப்பக்கம். உங்களுக்கும் கடலுக்கும் நடுவில் எதிர்வண்டி வராது. ரிவர்ஸில் ஒரு தடம் தள்ளித்தான் கடல்.

டிசம்பர், ஜனவரியில் இரவு எட்டரை மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும், ஆனால் பள்ளி விடுமுறைக் கூட்டமும் ஈயும் தாங்காது. ஜூனில் ஐந்தேகால் மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். கடைசி நிறுத்தத்தை அரை இருட்டில் பார்ப்பீர்கள். மார்ச், ஏப்ரல் எனக்குப் பிடித்த மாதங்கள். காற்று அடங்கியிருக்கும், கடல் நீலமாக இருக்கும்.

முந்தைய நாள் இரவு எடுத்து வைக்க வேண்டியவை

மெல்பர்னில் வெயில் அடிக்கிறதே என்று மெல்லிய சட்டையோடு கிளம்பிவிடாதீர்கள். அந்தக் கரையில் அடிப்பது தென் சமுத்திரத்துக் காற்று. அந்தப் பக்கம் அண்டார்க்டிகாவைத் தவிர வேறு நிலமே இல்லை. கோடையிலும் காற்றைத் தடுக்கும் ஜாக்கெட் ஒன்று வேண்டும். புடவைதான் கட்டுவேன் என்கிற அம்மாக்கள் மேலே கோட்டும் காலுக்கு நல்ல ஷூவும் போட்டுக்கொண்டால் போதும். செருப்பு மட்டும் வேண்டாம்.

வழியில் வரும் லார்ன் என்ற ஊர் தொடங்கி லேவர்ஸ் ஹில் வரை வளைவுகள். பேருந்தில் குமட்டல் வரும் என்று தெரிந்தவர்கள் லார்னுக்கு அரை மணி நேரம் முன்பே மாத்திரை போட்டுக்கொள்ள வேண்டும். தலை சுற்ற ஆரம்பித்த பிறகு போட்டுப் பயனில்லை. இஞ்சி மிட்டாய் மெல்பர்ன் கடைகளிலேயே கிடைக்கும், அதையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்குப் புளியோதரை கட்டிக் கொடுத்து அனுப்புங்கள். வழியில் சைவ உணவு கிடைக்காது என்றில்லை. சீஸ் பீட்சா, காய்கறிப் பேஸ்ட்ரி, உருளைக்கிழங்குச் சிப்ஸ் எல்லாம் உண்டு. ஆனால் மீன் பொரித்த எண்ணெயிலேயே சிப்ஸையும் பொரிக்கும் கடைகள் உண்டு என்பதால், கேட்டு வாங்க வேண்டும். பேருந்துக்குள் சாப்பிடப் பொதுவாக விடமாட்டார்கள். மதிய உணவுக்கு நிறுத்தும் அப்பல்லோ பே என்ற ஊரில், கடலைப் பார்த்த புல்வெளியில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தால் அதைவிடச் சுகம் வேறில்லை.

காலை ஏழு, ஏழரை மணி: ஏறும்போது

ஊரின் நடுவில், பிளிண்டர்ஸ் ஸ்ட்ரீட் ரயில் நிலையத்தை ஒட்டிய பகுதியிலிருந்துதான் பல டூர்களும் கிளம்புகின்றன. பத்து நிமிடம் முன்பே போய்விடுங்கள். வழக்கமான திசையில் போகும் வண்டி என்றால் இடப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். இந்த முழு வழிகாட்டியிலும் ஒரே ஒரு விஷயத்தைத்தான் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

வெஸ்ட் கேட் பாலம் தாண்டி ஜீலாங் வரை பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை, தூங்கலாம். டார்க்கேயில்தான் சாலை தொடங்குகிறது. அலைச்சறுக்கு உலகத்தின் பெரிய பிராண்டுகளான ரிப் கர்ல், குவிக்சில்வர் இரண்டும் 1969இல் இந்தச் சின்ன ஊரில் பிறந்தவை. பக்கத்திலேயே பெல்ஸ் பீச். ஈஸ்டர் சமயத்தில் அங்கே அலைச்சறுக்குப் போட்டி நடக்கும். டார்க்கேயிலோ ஆங்கில்சீயிலோ ஒரு தேநீர் நிறுத்தம் இருக்கும். சாக்லேட்டில் தோய்த்துத் தேங்காய்த் துருவலில் புரட்டிய லாமிங்டன் கேக் கொடுத்தால் விடாதீர்கள்.

ஈஸ்டர்ன் வியூ வளைவு: பத்து நிமிடம் நில்லுங்கள்

எல்லோரும் இறங்கி, சாலைக்குக் குறுக்கே நிற்கும் அந்த மரக்கட்டை வளைவின் கீழே படம் எடுத்துக்கொண்டு ஏறிவிடுவார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். வளைவின் பக்கத்தில் இரண்டு தொழிலாளர்களின் சிலை இருக்கிறது, அதனருகே போய் நில்லுங்கள்.

முதல் உலகப் போரிலிருந்து திரும்பி வந்த சுமார் 3,000 சிப்பாய்கள் கட்டிய சாலை இது. 1919இல் தொடங்கி 1932இல் முடித்தார்கள். கடப்பாரை, மண்வெட்டி, வெடிமருந்து, குதிரை வண்டி. பெரிய இயந்திரங்கள் கிடையாது. கடலுக்கு மேலே செங்குத்தாக நிற்கும் பாறைச் சரிவைக் கையால் குடைந்தார்கள். இரவில் கூடாரம்தான் வீடு. முகாமில் ஒரு பியானோவும் இருந்ததாம். போரில் இறந்துபோன தங்கள் தோழர்களின் நினைவாக இதை அவர்கள் அர்ப்பணித்தார்கள். டார்க்கேயிலிருந்து ஆலன்ஸ்ஃபோர்டு வரை 243 கிலோமீட்டர். உலகிலேயே மிகப் பெரிய போர் நினைவுச் சின்னம் என்று இதைச் சொல்கிறார்கள். ஊரூராகப் பணம் திரட்டி இந்தத் திட்டத்தைத் தாங்கி நடத்திய ஹோவர்ட் ஹிட்ச்காக், ஜீலாங் நகர மேயராக இருந்தவர். சாலை திறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு இறந்துபோனார். திறப்பு விழா ஊர்வலத்தில் அவர் இல்லாமல் அவருடைய கார் மட்டும் ஆளுநரின் வண்டிக்குப் பின்னால் வந்தது.

நீங்கள் பார்க்கிற வளைவு பழையது அல்ல. 1983ஆம் ஆண்டுக் காட்டுத்தீயில் முந்தையது எரிந்துபோக, மறுபடி கட்டியது. இதையெல்லாம் தெரிந்துகொண்டு வண்டியில் ஏறினால் அடுத்த ஒரு மணி நேரம் ஜன்னலில் தெரிவது வேறாக இருக்கும். வலது பக்கம் பாறையை வெட்டிய தடம் இன்னும் தெரியும். எங்கள் வழிகாட்டி ஒரு வளைவில் வேகத்தைக் குறைத்து, "இந்த ஒரு திருப்பத்தை எத்தனை பேர் எத்தனை நாள் வெட்டியிருப்பார்கள் பாருங்கள்" என்றார். அம்மா அதுவரை கடலையே பார்த்துக்கொண்டிருந்தவர், அப்புறம் மலைப்பக்கம் திரும்பிவிட்டார்.

இன்னொரு கதையும் சொல்வார்கள். 1924இல் காசினோ என்ற நீராவிக் கப்பல் பாட்டன் முனைக்கு அருகே பாறையில் தட்டிவிட, எடையைக் குறைக்க 500 பீப்பாய் பீரையும் 120 பெட்டி மதுவையும் கடலில் தள்ளினார்கள். அத்தனையும் கரை ஒதுங்கின. சாலை வேலை இரண்டு வாரம் நின்றுபோனது.

லார்ன், கென்னட் ரிவர்

லார்ன் அழகான கடற்கரை ஊர். பல டூர்கள் நிறுத்தாமல் போய்விடும், வருத்தப்பட வேண்டாம். அதைத் தாண்டித்தான் சாலையின் உச்சமான பகுதி வருகிறது. இங்கே கைபேசியைப் பையில் வைத்துவிடுங்கள். கண்ணாடி வழியாக ஓடுகிற வண்டியிலிருந்து எடுக்கும் படம் எதுவும் சரியாக வராது.

கென்னட் ரிவரில் கோவாலா பார்க்கலாம். ஒரு நாளில் இருபது மணி நேரம் வரை தூங்கும் பிராணி. அதனால் மரக்கிளையின் கவட்டையில் சாம்பல் நிறப் பந்து மாதிரி ஏதாவது தெரிகிறதா என்று தேடுங்கள். அசைவைத் தேடினால் கிடைக்காது. எங்களுக்கு முதல் கோவாலாவைக் காட்டியது ஒரு சின்னப் பெண். கிளையில் முதுகைச் சாய்த்து, ஒரு கையைத் தொங்கவிட்டு, திண்ணையில் மதியத் தூக்கம் போடும் தாத்தா மாதிரியே இருந்தது. மரத்தைக் குலுக்காதீர்கள், சத்தம் போடாதீர்கள். கிளிகள் தோளில் வந்து உட்காரும். அவற்றுக்குத் தீனி போடக் கூடாது. நாம் கொடுக்கும் ரொட்டியும் பிஸ்கட்டும் அவற்றுக்கு நோயைத்தான் கொடுக்கும்.

ஆட்வே மலைக்காடுகளில் வளரும் மரங்களில் ஒன்று நமக்கும் சொந்தம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஊட்டிக்குக் கொண்டுபோய் நட்ட நீலத் தைலமரத்தின் தாயகம் ஆஸ்திரேலியாவின் இந்தத் தென்கிழக்குப் பகுதிதான். ஒரு இலையைக் கசக்கி அம்மாவிடம் நீட்டினேன். "நீலகிரித் தைலம்!" என்றார்.

அப்பல்லோ பே, அப்புறம் காடு

மதிய உணவு பெரும்பாலும் அப்பல்லோ பேயில். முக்கால் மணி நேரம் தருவார்கள். அசைவம் சாப்பிடுகிறவர்கள் ஸ்காலப் பை வாங்குங்கள். ஸ்காலப் என்ற சிப்பிச் சதையைக் குழம்பாக்கி உள்ளே வைத்துச் சுட்ட மாவுப் பண்டம், இந்த ஊருக்குப் பேர்போனது. பேக்கரியில் முதலில் வரிசையில் நின்று வாங்கிவிட்டு அப்புறம் கடற்கரைக்குப் போங்கள். கழிப்பறையையும் இங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

இதற்குப் பிறகு சாலை கடலை விட்டு மலையேறுகிறது. சாப்பிட்ட மயக்கத்தில் எல்லோரும் தூங்குவார்கள். மெயிட்ஸ் ரெஸ்ட் என்ற மழைக்காட்டில் நிறுத்தும் டூர் என்றால் கட்டாயம் எழுந்து இறங்குங்கள். 800 மீட்டர் சுற்று நடை, அரை மணி நேரம் போதும். ஆள் உயரத்தைத் தாண்டிய மரப் பெரணிகள், பாசி படர்ந்த பழைய மரங்கள், காலடியில் மரப்பலகை. காற்றுச் சத்தம் சட்டென்று நின்றுவிடும்.

பன்னிரு அப்போஸ்தலர்

பெயரைக் கேட்டுப் பன்னிரண்டை எண்ணத் தொடங்காதீர்கள், பன்னிரண்டு இல்லை. ஒன்பது இருந்தன. 2005 ஜூலை 3ஆம் தேதி, சுமார் 50 மீட்டர் உயரமுள்ள ஒன்று சரிந்து விழுந்தது. மீதி எட்டு. இவற்றுக்கு 'பன்றியும் குட்டிகளும்' என்று பொருள்படும் பழைய பெயரும் உண்டு.

இறங்கியதும் நேராகக் கடைசி மேடைக்கு நடங்கள். சாலைக்கு அடியில் போகும் சுரங்க நடைபாதையைக் கடந்து, முதல் மேடையில் நிற்காமல், நடைபாதையின் கோடி வரை போய்விட்டுத் திரும்பி வரும் வழியில் மற்றவற்றைப் பாருங்கள். முதல் மேடையில்தான் நெரிசல். வேலியைத் தாண்டவே கூடாது. அடியில் கடல் அரித்து உள்ளே குழிந்திருக்கும், மேலிருந்து அது தெரியாது.

கூடுதல் நேரம் இருந்தால் கிப்சன் படிகள். 86 படி இறங்கினால் கடற்கரை, கண்ணெதிரே இரண்டு பெரும் பாறைகள். மேலிருந்து பொம்மை போலத் தெரிந்தவை கீழே கோபுரம் மாதிரி நிற்கும். கடல் கொந்தளித்தால் மூடிவிடுவார்கள்.

லாக் ஆர்ட் பள்ளத்தாக்கு

என்னைக் கேட்டால், நாளின் முக்கியமான இடம் இதுதான். இங்கே நேரத்தைக் குறைக்கிற டூரில் போகாதீர்கள் என்று முதலில் சொன்னதும் இதற்காகத்தான்.

1878 மார்ச்சில் இங்கிலாந்திலிருந்து மெல்பர்னுக்குக் கிளம்பிய பாய்மரக் கப்பல் லாக் ஆர்ட். மூன்று மாதப் பயணம். ஜூன் 1ஆம் தேதி விடியும் முன், மூடுபனி விலகியபோது எதிரே செங்குத்துப் பாறை. திருப்ப நேரமில்லை. கப்பலில் 54 பேர். பிழைத்தது இரண்டு பேர். கப்பலில் வேலை பழகிக்கொண்டிருந்த டாம் பியர்ஸ், கவிழ்ந்த படகைப் பிடித்தபடி இந்தப் பள்ளத்தாக்குக்குள் அடித்துவரப்பட்டான். ஈவா கார்மைக்கேல் என்ற இளம்பெண் ஒரு மரத்துண்டைப் பற்றிக்கொண்டு கூவியது அவனுக்குக் கேட்டது. மறுபடி கடலில் இறங்கி, நீந்திப் போய் அவளைக் கரைக்கு இழுத்து வந்தான். குகையில் படுக்க வைத்து, கரை ஒதுங்கிய பிராந்தியைக் கொஞ்சம் புகட்டிவிட்டு, பள்ளத்தாக்கின் பாறைச் சுவரில் ஏறி உதவி தேடிப் போனான். ஈவா அன்று தாய், தந்தை, உடன்பிறந்த ஐந்து பேர் எல்லோரையும் இழந்திருந்தாள். இருவரும் திருமணம் செய்துகொள்வார்கள் என்று ஊரே எதிர்பார்த்தது. ஈவா அயர்லாந்துக்குத் திரும்பிவிட்டாள்.

படிகளில் இறங்கி மணலில் போய் நில்லுங்கள். இரண்டு பக்கமும் மஞ்சள் சுவர் ஓங்கி நிற்கும், நடுவில் குறுகலான வாசல், அதன் வழியாகத்தான் அலை நுழையும். அந்த வாசலைப் பார்த்தபடி ஒரு ஐந்து நிமிடம் பேசாமல் நில்லுங்கள். அப்புறம் சுவரைத் திரும்பிப் பாருங்கள். டாம் ஏறியது அதில்தான். மேலே வந்தால் சின்ன இடுகாடு ஒன்று இருக்கிறது. படியிறங்க முடியாத பெரியவர்களை அங்கே அழைத்துப் போகலாம். தரை சமமாக இருக்கும். பக்கத்தில் கடலில் நிற்கும் இரண்டு தூண்களுக்கு டாம், ஈவா என்றே பெயர். அவை முன்பு ஒரே வளைவாக இருந்தன; 2009இல் நடுப்பகுதி இடிந்து விழுந்தது.

இதையும் இதே கரையில் உள்ள லண்டன் ஆர்ச் என்ற பாறை வளைவையும் சேர்த்துப் பார்த்தால் இந்தக் கரை எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துவிடும். சுண்ணாம்புப் பாறை மெத்தென்றது. அலை முதலில் அதில் குகை குடையும், குகை இரண்டு பக்கமும் திறந்து வளைவாகும், வளைவு இடிந்து தனித் தூண் நிற்கும், ஒருநாள் தூணும் விழும். லண்டன் ஆர்ச் 1990 வரை கரையோடு இணைந்த இரட்டை வளைவு. அந்த ஆண்டு ஜனவரி 15ஆம் தேதி, கரைப்பக்கத்து வளைவு திடீரென்று விழ, மறுமுனையில் நின்ற இருவர் தீவில் மாட்டிக்கொண்டார்கள். ஹெலிகாப்டரில் மீட்டார்கள், யாருக்கும் காயமில்லை. டூரில் இந்த நிறுத்தம் இருந்தால் பதினைந்து நிமிடம் போதும்.

திரும்பும் வழி

பாறைகளுக்குப் பக்கத்து ஊரான போர்ட் கேம்பலிலிருந்து கோலாக் வழியாக மெல்பர்னுக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம். புல்வெளியும் மாடுகளும் மட்டுமே, எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் ஒன்றுதான். கோலாக்கில் இரவுச் சாப்பாட்டுக்கு நிறுத்துவார்கள்; பீட்சாவும் பர்கரும்தான் பெரும்பாலும். மீதமிருக்கும் புளியோதரைக்கு இதுவே நேரம். ஊர் வந்து சேர எட்டு, ஒன்பது மணி ஆகும். வழிகாட்டிக்கு அன்பளிப்புக் கொடுத்தாக வேண்டிய கட்டாயம் இந்த நாட்டில் இல்லை, நன்றி சொல்லிக் கைகுலுக்கினால் போதும். மறுநாள் விடிகாலையில் விமானம் மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். பெரியவர்களுக்குக் கால் வலி போக ஒரு நாளாவது வேண்டும்.